ஆறக்கூடாத காயம்

புதுவாயல் கூட்ரோட்டில் இறங்கி, லாரிகள் நிற்கும் பொட்டலைத் தாண்டிப் போனால் லைன் வீடுகள் வரும். அங்கே ஏஞ்சலினைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்துகொள்ளும்படி அவள் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. வாய் கொஞ்சம் அதிகம். வாயைவிடக் கை வேகம். யார் வீட்டுப் பிள்ளை விழுந்தாலும் ஓடிப்போய்த் தூக்குவது அவள்தான். தூக்கிய கையோடு பெற்றவளை நாலு வார்த்தை திட்டிவிட்டுத்தான் திரும்புவாள். திட்டு வாங்கியவளும் மறுநாள் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் அவள் கதவைத்தான் தட்டுவாள்.

அவளுடைய அப்பா அம்மா கவரைப்பேட்டைப் பக்கம் அடுத்தவர் வயலில் நாற்று நட்டும் களை பறித்தும் காலம் தள்ளியவர்கள். அந்த வயல்களில் பாதிக்கு மேல் இன்று கம்பெனிகளாகி, சுற்றுச்சுவரும் செக்யூரிட்டியுமாக நிற்கின்றன. அதற்காக ஏஞ்சலின் ஒருநாளும் பெருமூச்சு விட்டதில்லை. அம்மாவின் முதுகு நிமிராமலே போனதைப் பார்த்து வளர்ந்தவள் அவள். பிளாஸ்டிக் டப்பா கம்பெனியில் நின்றபடி செய்கிற வேலை கிடைத்தபோது, நிற்பதற்கெல்லாம் சம்பளம் கொடுக்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டாள். கோணலாக அச்சு விழுந்த மூடியையும் எழுத்து விட்டுப்போன லேபிளையும் தனியாக எடுத்துப் போட வேண்டும், அவ்வளவுதான். இங்கிலீஷ் படித்துப் பொருள் சொல்லத் தெரியாது. ஆனால் ஒரு லேபிளை இன்னொரு லேபிளோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்ப்பதில் அவளை யாரும் ஏமாற்ற முடியாது.

அவள் கட்டிக்கொண்ட சாம்சன் வெல்டர். தண்ணீர் டேங்க், எண்ணெய் டேங்க் செய்யும் பட்டறையில் வேலை. ஆள் அதிகம் பேசமாட்டான். இரண்டு பேரும் பேசினால் அந்த வீடு தாங்காது என்று கர்த்தரே பார்த்துச் சேர்த்துவைத்த ஜோடி என்று லைனில் கேலி செய்வார்கள். தான் ஒட்டிய டேங்க் ஒன்றுகூடக் கசிகிறது என்று திரும்பி வந்ததில்லை என்பது மட்டும் அவனுக்குப் பெருமை. அதையும் யாராவது கேட்டால்தான் சொல்வான்.

வெல்டிங் வெளிச்சத்தை வெறும் கண்ணால் பார்த்துவிட்டால் அந்த நேரத்துக்கு ஒன்றும் தெரியாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, கைகால் கழுவி, சாப்பிட உட்காரும்போதுதான் கண்ணுக்குள் மணலை அள்ளிக் கொட்டியது போல் உறுத்த ஆரம்பிக்கும். கண்ணைத் திறக்கவும் முடியாது, மூடவும் முடியாது. 'கண்ணு அடிச்சிடுச்சி' என்பார்கள். முகத்துக்குக் கவசம் கொடுத்திருக்கிறார்களே என்று கேட்கலாம். கொடுத்திருக்கிறார்கள்தான். ஒரு கையில் தகடு, ஒரு கையில் வெல்டிங் ராடு. கவசத்தை யார் பிடிப்பது? சின்னச் சின்னப் புள்ளியாக வைத்து இரண்டு தகட்டைச் சேர்க்கும்போது முகத்தைத் திருப்பிக்கொண்டு வைத்துவிடுவார்கள். முகம் திரும்பினாலும் வெளிச்சம் விடாது.

இதற்கு அந்தத் தொழிலாளிகளுக்குள் ஒரு கைவைத்தியம் உண்டு. தாய்ப்பால். ஏஞ்சலினுக்கு மகள் சுகிர்தா பிறந்திருந்த சமயம், சாம்சன் முதல்முறையாகக் கண் அடித்துக்கொண்டு வந்து சுவரோரம் சுருண்டு கிடந்தான். பக்கத்து வீட்டுக்காரி சொல்லித்தான் அவன் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டு இரண்டு கண்ணிலும் பாலை விட்டாள். கொஞ்ச நேரத்தில் அவன் தூங்கிப்போனான். மடியில் புருஷனும் தூளியில் பிள்ளையுமாக, இரண்டு பேரையும் தான் தூங்கவைத்ததை நினைத்து அவளுக்குச் சிரிப்பாகவும் வந்தது, கண்ணும் கலங்கியது. அப்புறம் லைனில் எந்த வெல்டருக்குக் கண் அடித்தாலும் அவன் பெண்டாட்டி பால் புகட்டும் சின்னச் சங்கை எடுத்துக்கொண்டு ஏஞ்சலின் வாசலில் வந்து நின்றாள். வெட்கமெல்லாம் முதல் இரண்டு தடவைதான்.

சுகிர்தா பால் குடிப்பதை நிறுத்தினாள். பட்டறையில் கண் அடிப்பது நிற்கவில்லை. கூட்ரோட்டில் மெடிக்கல் வைத்திருந்த ஜெயராஜ் ஒரு சின்ன பாட்டிலை எடுத்துக் கொடுத்தான். குலுக்கிவிட்டுப் போட வேண்டிய சொட்டு மருந்து. வெள்ளை வெளேரென்று இருந்ததால் லைனில் அதற்குப் 'பால் மருந்து' என்றே பெயர் வந்துவிட்டது. போட்ட கொஞ்ச நேரத்தில் சிவப்பு வடிந்துவிடும். டாக்டர் சீட்டு யாரும் கேட்கவில்லை. இவர்களிடம் சீட்டும் இல்லை. ஜெயராஜைக் கெட்டவன் என்று சொல்ல முடியாது. அவன் தம்பியும் வெல்டர்தான். அவனுக்கும் அதே பாட்டிலைத்தான் கொடுத்தான்.

முதலில் கண் அடித்த அன்று மட்டும் போட்டார்கள். அப்புறம் கண் சிவந்தால் போட்டார்கள். அப்புறம் கிரைண்டிங் தூசி, அரிப்பு, அசதி என்று தினமும் ஆயிற்று. வருஷங்கள் இப்படியே ஓடின. அவனாகப் போட்டுக்கொள்ளமாட்டான், அவள்தான் போட வேண்டும். சாப்பாடு முடிந்ததும் அவள் மடியில் தலையை வைத்துக்கொண்டு மல்லாந்து படுத்துவிடுவான். அந்தக் கொஞ்ச நேரத்தில்தான் அவன் வாயிலிருந்து நாலு வார்த்தை வரும். பட்டறையில் யார் யாரோடு சண்டை, யாருக்கு விரல் நசுங்கியது, மகளை எங்கே கொடுக்கலாம், எல்லாம் அப்போதுதான். பாட்டில் தீர்வதற்குள் அடுத்ததை வாங்கி அலமாரியில் வைத்துவிடுவாள். அதில் அவளுக்கு ஒரு பெருமைகூட.

சுகிர்தாவைப் பொன்னேரியில் கட்டிக் கொடுத்த பிறகுதான் சாம்சன் வலது பக்கம் வைத்த டீ கிளாஸைத் தட்டிவிட ஆரம்பித்தான். "வயசானா கை நடுங்கத்தான் செய்யும்" என்று அவளே சமாதானம் சொன்னாள். பிறகு வண்டியில் போகும்போது வலது பக்கம் வந்த ஆட்டோவை உரசிவிட்டான். பட்டறையில் அவன் போட்ட ஒட்டு நெளிந்து போனது. மேஸ்திரி ஒன்றும் சொல்லாமல் அவனை டேங்குக்கு வண்ணம் அடிக்கும் பக்கம் அனுப்பினார். அன்று சாயங்காலம் சாம்சன் மடியில் தலை வைத்துப் படுத்தான். ஆனால் ஒரு வார்த்தை பேசவில்லை.

சர்ச்சில் கண் முகாம் போட்டார்கள். முகாமில் பார்த்தவர்கள் சென்னைக்குப் போகச் சொன்னார்கள். சென்னையில் பார்த்தவர் டாக்டர் கல்பனா. வயதில் சின்னவர்தான், ஆனால் அவசரப்படாதவர். வலது கண்ணைப் பார்த்தார், இடது கண்ணைப் பார்த்தார், மறுபடியும் வலது கண்ணைப் பார்த்தார்.

"கண்ணுக்குள்ள எப்பவும் ஒரு நீர் ஊறி வெளியே போய்க்கிட்டு இருக்கும். இவருக்கு அது சரியா வெளியே போகல. உள்ளயே தங்கி அழுத்தம் ஏறி, பின்னாடி இருக்கிற நரம்பை நசுக்கியிருக்கு. வலது கண்ணுல நரம்பு போயிடுச்சும்மா. அதை இனிமே திருப்பிக் கொண்டுவர முடியாது. இடது கண்ணுல பாதி இருக்கு. அதுல புரையும் இருக்கு."

"புரைய எடுத்துட்டா தெரிஞ்சிடும் இல்ல டாக்டரம்மா?" என்று கேட்டாள் ஏஞ்சலின்.

"தெரியும். ஆனா அழுத்தத்தை விட்டுட்டா மிச்ச நரம்பும் போயிடும். அதனால ரெண்டையும் ஒரே ஆபரேஷன்ல செய்யலாம். புரையை எடுத்து லென்ஸ் வைக்கிறேன். அப்படியே நீர் வெளியே போக மேல ஒரு சின்ன வழியும் போட்டுடறேன். இருக்கிறது இந்த ஒரு கண்ணுதான், அதனால ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும்." டாக்டர் சீட்டில் அவன் வயதை இன்னொரு முறை பார்த்தார். "இந்த வயசுக்கு ரெண்டும் சேர்ந்து வந்திருக்கே. கண்ணுக்கு இதுவரைக்கும் ஏதாவது மருந்து போட்டிருக்கீங்களா?"

ஏஞ்சலின் பையைத் திறந்து பால் மருந்தை எடுத்து மேஜையில் வைத்தாள். விடாமல் போட்டு வந்திருக்கிறோம் என்று டாக்டருக்குத் தெரியட்டும் என்ற எண்ணத்தில், கொஞ்சம் பெருமையாகவே வைத்தாள்.

டாக்டர் அந்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "எவ்வளவு நாளா?"

"நாளெல்லாம் இல்லமா, வருசக்கணக்கா. நான்தான் போட்டுவுடுவேன்."

டாக்டர் திட்டவில்லை. திட்டியிருந்தால் ஏஞ்சலினும் பதிலுக்கு ஏதாவது சொல்லி மனதை ஆற்றிக்கொண்டிருப்பாள். இது நல்ல மருந்துதான், ஆனால் டாக்டர் பார்த்துக் கொஞ்ச நாளைக்கு மட்டும் போட வேண்டியது. கேட்காமல் வருஷக்கணக்கில் போட்டால் சிலருக்கு அழுத்தமும் ஏறும், புரையும் விழும் என்று மெதுவாக எடுத்துச் சொன்னார். சொல்லிவிட்டு, "தெரியாம செஞ்சதுதானே, விடுங்க" என்றார். ஏஞ்சலின் காதில் அந்தக் கடைசி வார்த்தை மட்டும் ஏறவே இல்லை.

திரும்பி வரும்போது லோக்கல் ரயிலில் அவள் வாயைத் திறக்கவில்லை. சாம்சனுக்கு அது புதுசு.

"இன்னா ஏஞ்சலு, வாய ஆஸ்பத்திரிலயே வுட்டுட்டு வந்துட்டியா?"

அவள் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டாள். வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்த பாட்டிலைத் தூக்கிக் குப்பையில் போட்டாள். பிறகு மறுபடியும் எடுத்து, ஒரு துணியில் சுற்றி, மரப்பெட்டியின் அடியில் வைத்தாள். ஏன் வைத்தாள் என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. தன் கையால் தன் புருஷன் கண்ணைக் குருடாக்கியதற்கு ஒரு சாட்சி வேண்டும் என்று தோன்றியிருக்கலாம்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மறுநாள் காலையில் கட்டை அவிழ்த்தார்கள். சாம்சன் கண்ணைச் சிமிட்டிச் சிமிட்டி எதிரே நின்றவளைக் கொஞ்ச நேரம் பார்த்தான்.

"இன்னாடி இது, தலையெல்லாம் இப்பிடி நரச்சிப் போய்க் கீது? என்னாண்ட ஒரு வார்த்த சொல்லவேல்ல?"

வார்டே சிரித்தது. ஏஞ்சலின் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதாள். இரண்டு மூன்று வருஷமாக அவன் அவள் முகத்தையே சரியாகப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

டாக்டர் கல்பனா வந்து பார்த்தார். சாம்சன் கட்டிலில் உட்கார்ந்து மருந்தைப் பற்றிப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான். ஏஞ்சலின் அப்போது டிஸ்சார்ஜ் சீட்டுக்காகக் கீழே வரிசையில் நின்றிருந்தாள். பிறகு கூடத்தில் ஒரு பெண், வீட்டுக்குப் போகிற எல்லோரையும் கூட்டமாக உட்காரவைத்து, எந்த மருந்தை எப்போது போட வேண்டும் என்று ஒப்பித்தாள். அங்கே சுகிர்தா இருந்தாள். ஆனால் இடுப்பில் அவள் குழந்தை வீறிட்டுக்கொண்டிருந்தது. பாதி காதில் விழுந்தது, பாதி விழவில்லை. "சீட்டுல எல்லாம் எழுதிக் கீதும்மா" என்று மருந்துப் பையை அம்மா கையில் கொடுத்துவிட்டு, ரயில் வழியில் நின்றபோது பொன்னேரியில் இறங்கிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து ஏஞ்சலின் பையைப் பிரித்தாள். மூன்று பாட்டில்கள் இருந்தன. மகள் சொன்னவரை, ஒன்று சீழ் பிடிக்காமல் இருக்க, ஒன்று கண் காயாமல் இருக்க. மூன்றாவதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துக் குலுக்கினாள். வெள்ளை வெளேரென்று கலங்கியது.

மரப்பெட்டியைத் திறந்து பழைய பாட்டிலை எடுத்தாள். கம்பெனிப் பெயர் வேறு, மூடியின் நிறம் வேறு. ஆனால் கீழே பொடி எழுத்தில் இருந்த பெயரை எழுத்துக்கு எழுத்து ஒத்துப் பார்த்தாள். அதேதான்.

சீட்டில் இருந்த நம்பருக்குப் போன் போட்டாள். யாரோ ஒரு பெண் எடுத்தாள். "ஏம்மா, இந்த வெள்ள மருந்து..." என்று ஆரம்பிப்பதற்குள், "சீட்டுல இருக்கிற மாதிரியே போடுங்கம்மா, நிறுத்திடாதீங்க" என்று சொல்லி வைத்துவிட்டாள். டாக்டரையே கேட்டிருக்கலாமே என்று நமக்குத் தோன்றும். இத்தனை வருஷம் யாரையும் கேட்காமல் ஊற்றியவள், இப்போது மட்டும் கேட்கிறாயா என்று டாக்டர் நினைத்துவிட்டால்? நினைக்கமாட்டார்தான். ஆனால் குற்றம் செய்துவிட்டோம் என்று நினைக்கிறவளுக்கு எல்லோர் பார்வையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

மருந்தைக் கடையில் மாற்றிக் கொடுத்திருப்பார்கள் என்று அவளே ஒரு முடிவுக்கு வந்தாள். அதுவும் இல்லையென்றால், பெரிய ஆஸ்பத்திரியில் எல்லோருக்கும் ஒரே சீட்டாக எழுதுவார்கள். தன் புருஷன் கதை யாருக்கு ஞாபகம் இருக்கும்? எப்படியானாலும் சரி, இருக்கிற ஒரு கண்ணில் அந்த வெள்ளையைத் தன் கையால் இன்னொரு தடவை விடமாட்டாள். அது அவளால் ஆகாது.

அதனால் இப்படிச் செய்தாள். நேரம் வந்ததும் வெள்ளை மருந்தை அவன் காதில் விழும்படி குலுக்குவாள். குலுக்கிக் கீழே வைத்துவிட்டு, கண் காயாமல் இருக்கக் கொடுத்ததில் ஒரு சொட்டு விடுவாள்.

"வெள்ளது போட்டியா? அதான் முக்கியம்னு சொன்னாங்க."

"போட்டாச்சி, போட்டாச்சி. ஆடாம படு."

முதல் மூன்று நாள் வீட்டில் திருவிழாதான். லாரியின் பின்னால் எழுதியிருப்பதை வாசலில் உட்கார்ந்தபடியே வாசித்தான். பார்க்க வந்த பேத்தியின் காதில் இருந்த மச்சத்தைக் கண்டுபிடித்தான். சாம்பாரில் மிதந்த கடுகை எண்ணுவது போல் பார்த்து, "இதெல்லாம் இவ்ளோ நாளா எனக்குத் தெரியாம போட்டுக்கினு இருந்தியா?" என்றான். கண் மட்டும் சிவப்பாகவே இருந்தது. கத்தி பட்ட கண் சிவக்காமல் என்ன செய்யும் என்று அவள் தேற்றிக்கொண்டாள். வாரக் கடைசியில் விளக்கைச் சுற்றி வளையம் வளையமாகத் தெரிகிறது என்றான். புருவத்துக்கு மேல் வலிக்கிறது என்றான். லாரி எழுத்து மறுபடியும் மங்கியது.

மறுபடி காட்ட வரச்சொன்ன நாள் வந்தது. டாக்டர் கல்பனா கருவியின் வழியே பார்த்தார். அழுத்தத்தை அளந்தார். இன்னொரு முறை அளந்தார்.

"நல்லா ஏறியிருக்கு. நான் போட்ட வழி மூடிக்கிட்டு வருது. மருந்தெல்லாம் ஒழுங்கா போடறீங்களா?"

ஏஞ்சலின் தரையைப் பார்த்தாள். அவள் பேசுவதற்குள் சாம்சன் பேசினான்.

"நான்தான் டாக்டரம்மா. அது எரியிது, வேணாம்னு ரெண்டு மூணு வாட்டி சொல்லிட்டேன். அவ மேல தப்பு இல்ல."

அவன் அப்படிச் சொல்லவே இல்லை. ஒருநாளும் எரிகிறது என்றதில்லை. எதற்காகப் பொய் சொல்கிறான் என்று ஏஞ்சலினுக்குப் புரிந்த அந்த நொடியில் அவளுக்குள் என்னவோ உடைந்துவிட்டது.

"பொய் சொல்றாரும்மா! ஒரு சொட்டுகூட நான் போடல. ஒரு சொட்டுகூட! அதே மருந்துமா அது. நானே ஒத்துப் பாத்தேன். இவ்ளோ வருசம் நான் ஊத்தி ஊத்தித்தான் ஒரு கண்ணு போச்சி. இன்னொண்ணுலயும் என் கையாலயே எப்பிடிமா ஊத்துவேன்?"

அறைக்கு வெளியே உட்கார்ந்திருந்தவர்கள்கூடத் திரும்பிப் பார்த்தார்கள். டாக்டர் எழுந்து வந்து அவள் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார்.

"அதே மருந்துதாம்மா. நீங்க பாத்தது சரி. ஆனா ஒண்ணு கேளுங்க. உடம்புல எங்க காயம் பட்டாலும் சீக்கிரம் ஆறணும்னுதானே வேண்டிக்குவோம்? இது ஆறக்கூடாத காயம். நான் போட்ட வழியை, ஏதோ காயம்னு நெனச்சு, கண்ணு தானா மூடப் பாக்கும். மூடிட்டா ஆபரேஷன் செஞ்சதே வீண். அதை மூடவிடாம காவல் நிக்கிறதுதான் இந்த மருந்து. அப்போ கேக்காம வருஷக்கணக்கா போட்டீங்க. இப்போ நான் வாரா வாரம் அழுத்தத்தை அளந்து பாத்து, கொஞ்சம் கொஞ்சமா கொறைச்சு நிறுத்திடுவேன்."

"அப்போ நான் இப்பவும் கெடுத்துட்டேன்."

"பாதி என் தப்பு. உங்க வீட்டுக்காரர்கிட்ட எல்லாத்தையும் சொன்னேன். வீட்டுல மருந்து போடற கை யாருதுன்னு தெரிஞ்சும், உங்களைக் கூப்பிட்டு பாட்டிலைக் காட்டிச் சொல்லல. அந்த மருந்தை மறுபடியும் பாத்தா உங்களுக்கு எப்படி இருக்கும்னு யோசிக்கல."

சாம்சன் மெதுவாகச் சொன்னான்: "நானு டேங்க் கசியக்கூடாதுன்னு அடச்சிக்கினு கெடந்தேன். நீங்க கசியட்டும்னு ஓட்ட போட்டுக் கீறீங்க." டாக்டர் சிரித்துவிட்டார். ஏஞ்சலினுக்குச் சிரிப்பு வரவில்லை.

அன்றே கண்ணை மரத்துப்போகச் செய்து, உள்ளே இறுக்கிக் கட்டியிருந்த ஒரு தையலை லேசர் ஒளியால் அறுத்துவிட்டார்கள். வடு வேகமாகக் கெட்டிப்படாமல் இருக்க ஓர் ஊசியும் போட்டார்கள். திரும்ப அளந்தபோது அழுத்தம் இறங்கியிருந்தது. "இன்னைக்கு இறங்கியிருக்கு. நிக்குமான்னு இப்ப சொல்ல முடியாது. இனிமே மணிக்கொரு தடவை அந்த வெள்ளை மருந்து. நிக்கிறதும் நிக்காததும் அதுலதான் இருக்கு" என்றார் டாக்டர். பாட்டிலை ஏஞ்சலின் கையில்தான் கொடுத்தார்.

அந்தக் கண் பிழைத்தது என்பதை இங்கேயே சொல்லிவிடலாம். படிக்கிறவரைத் தவிக்கவிட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. வாரங்கள் போகப்போக அழுத்தம் இறங்கி நின்றது. மருந்தைக் குறைத்துக் குறைத்துக் கடைசியில் டாக்டரே நிறுத்தினார். போன பார்வை வரவில்லை. இருந்தது தங்கியது. சாம்சன் இப்போது அதே பட்டறையில் சாமான் அறையைப் பார்த்துக்கொள்கிறான். வெல்டிங் பக்கம் போவதில்லை. அந்த ஆஸ்பத்திரியிலும் வீட்டுக்கு அனுப்புவதற்கு முன் 'மருந்து யாரு போடுவீங்க?' என்று கேட்டு, அந்த ஆளைத் தனியாகக் கூப்பிட்டு உட்காரவைக்கிறார்கள். ஆனால் அன்று சாயங்காலம் ரயிலில் ஏறியபோது இதில் எதுவும் அவர்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

சென்ட்ரலை ஒட்டிய மூர் மார்க்கெட் ஸ்டேஷன் பிளாட்பாரத்தில் கும்மிடிப்பூண்டி வண்டி கிளம்பாமல் நின்றிருந்தது. கூட்டம் ஏறிக்கொண்டிருந்தது. இருவரும் ஜன்னலோரம் உட்கார்ந்தார்கள். ஏஞ்சலின் பாட்டிலைக் கைக்குள் பொத்திவைத்திருந்தாள்.

"நேரமாயிடுச்சி பாரு. வண்டி ஓட ஆரம்பிச்சா ஆடும். இப்பவே போட்டுடு" என்றான் சாம்சன்.

அவள் அசையவில்லை. "உனக்கு எப்பிடித் தெரியும்?" என்றாள்.

"இன்னா?"

"நான் போடலன்னு. தெரியாமயா அங்க பொய் சொன்ன?"

அவன் தன் தொண்டையைத் தொட்டுக் காட்டினான். "அது தொண்டைக்குள்ள வந்து கசக்கும்டி. இத்தினி வருசமா போட்டுக்கினு கீறேன், எனக்குத் தெரியாதா? ஊட்டுக்கு வந்த நாள்லேந்து கசக்கவேயில்ல."

ஏஞ்சலின் அவனையே பார்த்தாள். "தெரிஞ்சிக்கினா படுத்துக்கினு இருந்த? அதான் முக்கியம்னு டாக்டர் உன்னாண்டதானே சொன்னாங்க? கேட்டா இன்னா? இருக்கறது ஒரு கண்ணுய்யா!"

"நீ குலுக்கிக் கீழ வெச்சப்போ உன் கை நடுங்குச்சி. என் நெத்தி மேலதானே கை கீது, தெரியாதா? நீ பயந்துக்கினு கீறன்னு தெரிஞ்சிது. அத்தக் கேட்டா, என் கண்ணு போனதுக்கு நீதான் காரணம்னு நானே சொன்ன மாதிரி ஆயிடும். உன்ன அப்பிடிக் கேக்கறதுக்கு எனக்கு வாய் வரல." பிறகு சின்னக் குரலில் சேர்த்துக்கொண்டான்: "நீ எது செஞ்சாலும் எனக்குக் கெட்டது செய்யமாட்ட. அவ்ளோதான் எனக்குத் தெரியும்."

அவள் தலையில் தலையில் அடித்துக்கொண்டாள். எதிரே உட்கார்ந்திருந்த பூக்காரி, புருஷன் பெண்டாட்டிச் சண்டை என்று நினைத்துக் கூடையை மடியில் இழுத்துவைத்துக்கொண்டு வெளியே பார்த்தாள்.

"அப்பிடி நம்பாத," என்றாள் ஏஞ்சலின். "என்ன அப்பிடி நம்பாதய்யா. அந்த நம்பிக்கைலதான் ரெண்டு பேரும் ஒண்ணியும் கேக்காம இருந்துட்டோம். இனிமே கேளு. இன்னா மருந்து, எதுக்குப் போடறன்னு ஒவ்வொரு வாட்டியும் கேளு. திட்டு, பரவால்ல. கேளு."

சாம்சன் தலையை ஆட்டினான். வண்டி ஒருமுறை ஊதியது. வாசலில் நின்றவர்கள் உள்ளே நெருக்கிக்கொண்டு வந்தார்கள்.

"செரி. இது இன்னா மருந்து?"

"வெள்ள மருந்து."

"எதுக்கு?"

"ஓட்ட மூடாம இருக்க."

"எங்கண்ணுக்கு நல்லதா கெட்டதா?"

"நல்லது," என்றாள். தன் வாயால் அதைச் சொன்ன பிறகுதான் அவளால் பாட்டிலைக் குலுக்க முடிந்தது.

அவன் தலையைப் பின்னால் சாய்த்தான். இத்தனை வருஷமும் மருந்து என்றதும் சின்னப் பிள்ளை போலக் கண்ணை இறுக்கி மூடிக்கொள்வான். அவள்தான் இமையை இழுத்துப் பிடித்து உள்ளே விட வேண்டும். இன்று அவனே ஒரு விரலால் கீழ் இமையைப் பிடித்துக்கொண்டு கண்ணை நன்றாகத் திறந்தான். சிவந்த அந்த ஒற்றைக் கண்ணால், இறங்கி வரும் பாட்டிலையும் அதற்குப் பின்னால் இருந்த அவள் முகத்தையும் பார்த்துக்கொண்டே இருந்தான்.

"கை நடுங்குது உனக்கு."

"நடுங்கட்டும். நீ மூடாத."

அவன் மூடவில்லை. வெள்ளைச் சொட்டு விழுந்தது.